பெயரில் இருக்கும் அமிலம் குற்றவாளி இல்லை

கேள்வி இதுதான்: “மைட்டோகாண்ட்ரியாவில் ஈ.டி.எச்.ஈ.1 என்று ஒரு நொதி இருக்கிறது, அது வேலை செய்யாவிட்டால் குழந்தைகளுக்கு எத்தில்மலோனிக் என்செஃபலோபதி என்ற நோய் வரும் என்று படித்தேன். ஒரு இடத்தில் இதைக் கொழுப்பு அமிலக் கோளாறு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் கந்தகக் கோளாறு என்கிறார்கள். எது சரி? மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு நொதி கெட்டால் தோலில் ஏன் சிவப்புப் புள்ளிகள் வர வேண்டும்?”

கந்தகக் கோளாறு என்பதுதான் சரி. ஆனால் மற்றப் பதிலும் எங்கிருந்தோ வந்ததுதானே? அது வந்த கதையில்தான் சுவாரசியம் இருக்கிறது. முன்கூட்டியே ஒன்று: நான் உயிர்வேதியியல் பாடம் நடத்துபவன், மருத்துவன் அல்ல. சிகிச்சை பற்றிக் கீழே எழுதுவதைத் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துச்சீட்டாக அல்ல.

முதலில் ஒரு வாயுவைப் பற்றிப் பேச வேண்டும். கூமுட்டையை உடைத்தால் குப்பென்று ஒரு நாற்றம் அடிக்குமே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் “விஷவாயு தாக்கி” இறந்தார்கள் என்று நாளிதழ்களில் வருகிற செய்திகளிலும் பெரும்பாலும் இதுதான் கொலையாளி. செல் மூச்சுவிடும் சங்கிலியின் கடைசிக் கண்ணியான சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியை இது அடைத்துவிடும். சயனைடு கைவைப்பதும் அதே இடத்தில்தான். ஆக்சிஜன் ரத்தத்தில் இருக்கும், ஆனால் அதைப் பயன்படுத்த செல்லால் முடியாது.

இந்த வாயு நம் உடலுக்குள்ளேயே எந்நேரமும் உருவாகிக்கொண்டிருக்கிறது. இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, நம் செல்களே சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலத்தைக் கையாளும்போது கொஞ்சம் வெளிவிடுகின்றன. மிகச் சிறிய அளவில் அது தேவையும்கூட, ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது போன்ற சில சமிக்ஞை வேலைகளை அது செய்கிறது. இன்னொன்று பெருங்குடல். அங்கே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டையும் உணவுப் புரதத்தில் மிஞ்சிய கந்தகத்தையும் மென்று இதே வாயுவை விடுகின்றன. ஆக, வயிற்றுக்குள் ஒரு சின்னக் கழிவுநீர்த் தொட்டியை வைத்துக்கொண்டுதான் எல்லோரும் நடமாடுகிறோம். அதனால் சாகாமல் இருக்கிறோம் என்றால், அந்த வாயு வரும் வேகத்துக்கு ஈடாக யாரோ அதை அப்புறப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது.

வேலை கைமாறிக் கைமாறிப் போகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் சல்ஃபைடு குவினோன் ஆக்சிடோரிடக்டேஸ் என்றொரு நொதி உட்கார்ந்திருக்கிறது, பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி, எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் கோஎன்சைம் கியூவிடம் கொடுப்பது அதன் வேலை. மிஞ்சும் கந்தக அணுவை அது குளூட்டதயோன் என்ற சிறு மூலக்கூறின் முதுகில் ஏற்றிவிடும். அப்படிச் சுமை ஏறிய குளூட்டதயோனுக்குக் குளூட்டதயோன் பெர்சல்ஃபைடு என்று பெயர். இப்போது நம் கதாநாயகன் வருகிறான். ஈ.டி.எச்.ஈ.1, வேலையைக் கொண்டு சொன்னால் பெர்சல்ஃபைடு டைஆக்சிஜனேஸ், அந்தச் சுமையை ஆக்சிஜனோடு சேர்த்துச் சல்ஃபைட்டாக (பெயர் ஒத்திருந்தாலும் சல்ஃபைடு அல்ல, ஆக்சிஜன் ஏறிய வேறு பொருள்) மாற்றிக் குளூட்டதயோனை வெறுங்கையாக விடுவிக்கிறது. வெறுங்கையான குளூட்டதயோன் அடுத்த சுமைக்குத் தயார். சல்ஃபைட்டும் நல்ல பிள்ளை இல்லை. அதைச் சல்ஃபைட் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி சல்ஃபேட்டாக்கும். சல்ஃபேட் சாது, சிறுநீரில் போய்விடும். நடுவில் ரோடனீஸ் என்ற நொதி ஒரு கிளைப்பாதை வைத்திருக்கிறது. சல்ஃபைட்டோடு இன்னொரு கந்தக அணுவைச் சேர்த்துத் தயோசல்ஃபேட் ஆக்கிவிடும். இந்தத் தயோசல்ஃபேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. முதல் படியில் பிடுங்கிய எலக்ட்ரான்கள் மூச்சுச் சங்கிலிக்குள்தான் போகின்றன. அதாவது குறைந்த அளவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு செல்லுக்கு எரிபொருள். அளவு மீறினால் அதே சங்கிலியின் வாசலை அதுவே அடைக்கிறது. விருந்தாளியும் அதுதான், வழிப்பறிக்காரனும் அதுதான்.

நொதியைப் பற்றிக் கொஞ்சம். இதற்கான மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதிலிருந்து உருவாகும் புரதம் 254 அமினோ அமிலங்கள் நீளம், சின்னதுதான். நடுவே ஒற்றை இரும்பு அணு. ஹீமோகுளோபினில் இருப்பதுபோல் ஹீம் வளையத்துக்குள் உட்கார்ந்த இரும்பு அல்ல. இரண்டு ஹிஸ்டிடின்களும் ஓர் அஸ்பார்ட்டேட்டும் சேர்ந்து நேரடியாகப் பிடித்திருக்கும் இரும்பு. உருவத்தில் இது மெத்தில்கிளையாக்சால் என்ற நச்சுப்பொருளைக் கையாளும் கிளையாக்சலேஸ் 2 என்ற நொதியின் பங்காளி. அந்தச் சாயலைப் பார்த்து இதுவும் அதே வேலையைத்தான் செய்யும் என்று ஆரம்பத்தில் நினைத்தார்கள். குடும்ப முகஜாடையை வைத்துத் தொழிலை ஊகிப்பது உயிர்வேதியியலில் வழக்கம்தான், இங்கே அது ஏமாற்றியது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரூமா பானர்ஜியின் ஆய்வகம் நோயாளிகளிடம் கண்ட இரண்டு மாற்றங்களை எடுத்து, அந்த மாதிரியே புரதத்தைச் செய்து பார்த்து 2012இல் வெளியிட்டது. 152ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் வந்தால் நொதி இரும்பைச் சரியாகப் பிடிப்பதில்லை. இரும்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, வேகமும் அதே கணக்கில் குறைந்தது. 196ஆம் இடத்து மாற்றத்திலோ பெர்சல்ஃபைடைப் பிடித்து நிறுத்தும் பிடிமானம் தளர்ந்துபோகிறது. ஒரே நோய் என்றாலும் நொதி கெடுவதற்குப் பல வழிகள் உண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சரி, நொதி இல்லாமல் போனால்? பெர்சல்ஃபைடு தேங்கும். அது தேங்கினால் முந்தைய படியும் மந்தமாகும், கடைசியில் ஹைட்ரஜன் சல்ஃபைடே தேங்கும். தேங்கிய வாயு இரண்டு இடங்களில் கைவைக்கிறது. முதலாவது மேலே சொன்ன சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். தசையிலும் மூளையிலும் அதன் செயல் குறைந்து, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். இரண்டாவது, குட்டைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உடைக்கும் ஒரு டீஹைட்ரஜனேஸ் நொதி. அது தடைபட்டால் நான்கு கார்பன் உள்ள பியூட்டிரைல் கோஎன்சைம் ஏ முன்னே போக வழியில்லாமல் நிற்கும். நிற்பதைப் பார்த்து வேறு வேலையில் இருக்கும் ஒரு கார்பாக்சிலேஸ் நொதி அதன்மேல் ஒரு கார்பனை ஒட்டிவிடும். அப்படிப் பிறப்பதுதான் எத்தில்மலோனிக் அமிலம். அது சிறுநீரில் இறங்குகிறது.

ஆக, நோயின் பெயரில் இருக்கும் அமிலம், தொழிற்சாலையில் நச்சுவாயு பரவியதால் பக்கத்துத் தெருவில் ஏற்பட்ட போக்குவரத்து நெரிசல் மாதிரி. நெரிசலை எண்ணி எண்ணிப் பார்த்தால் வாயு எங்கே கசிந்தது என்று தெரியாது. கேள்வியில் சொன்ன குழப்பம் இங்கேதான் பிறந்தது.

இந்த நோயை 1990களின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர்கள் தனி நோயாக விவரித்தார்கள், ஆல்பர்ட்டோ புர்லினா குழுவின் முதல் குறிப்பு 1991இல் வந்தது. சிறுநீரில் எத்தில்மலோனிக் அமிலம் ஏராளம். ரத்தத்தில் நான்கு கார்பன், ஐந்து கார்பன் அசைல்கார்னிட்டீன்கள், அதாவது உடைபடாமல் நின்ற அமிலத் துண்டுகளைச் சுமக்கும் மூலக்கூறுகள், அதிகம். பார்த்தவர் எவரும் கொழுப்பு அமிலம் உடைப்பதிலோ கிளைச்சங்கிலி அமினோ அமிலம் உடைப்பதிலோ கோளாறு என்றுதான் சொல்வார்கள். அப்படியே சொன்னார்கள். தோல் செல்களை எடுத்து வளர்த்துச் சோதித்தால், அங்கே கொழுப்பு அமிலம் ஒழுங்காக உடைகிறது! மூச்சுச் சங்கிலியும் தோல் செல்களில் சரியாகவே இருந்தது. ஆனால் அதே குழந்தையின் தசைத் துண்டில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் குறைவு. பல வருடங்கள் இந்த முரண்பாடு அப்படியே கிடந்தது.

இப்போது விடை தெரிந்த பிறகு பார்த்தால் எளிது. ஆய்வகத் தட்டில் வளரும் தோல் செல்லுக்குப் பக்கத்தில் குடல் இல்லை, பாக்டீரியா இல்லை, வாயு இல்லை. கொழுப்பு அமில நொதிகளின் மரபணுக்களில் எந்தக் குறையும் கிடையாது. உடலுக்குள் இருக்கும்போது அவற்றின்மேல் நஞ்சு கொட்டப்படுகிறது, தட்டில் அது கொட்டப்படவில்லை, அவ்வளவுதான். ஒரு செல்லை உடலிலிருந்து பிரித்துவிட்டால் நோயும் அதிலிருந்து பிரிந்துவிடலாம் என்று நான் வகுப்பில் சொல்லும்போது இந்த உதாரணத்தைத்தான் எடுப்பேன்.

மரபணு 2004இல் கிடைத்தது. மிலான் நகரின் கார்லோ பெஸ்தா நரம்பியல் நிறுவனத்தில் வலேரியா திரந்தி, மாசிமோ செவியானி ஆகியோரின் குழு, நெருங்கிய உறவில் மணம் செய்த பெற்றோரின் குழந்தைகளில் இரு பிரதியும் ஒன்றாக இருக்கும் குரோமோசோம் பகுதியைத் தேடிப் பிடித்தது. அந்தப் பகுதியில் நிறைய மரபணுக்கள். எதன் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகக்கூடும் என்று பெரிய தரவுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டு வடிகட்டினார்கள். மிஞ்சிய மரபணுவில்தான் பிழைகள் இருந்தன. நொதி என்ன செய்கிறது என்று அப்போது தெரியாததால் நோயின் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்து மரபணுவுக்கு வைத்தார்கள். அதனால்தான் அந்தப் பெயரில் கந்தகத்தின் வாசனையே இல்லை.

அப்புறம் உதவிக்கு வந்தது ஒரு புழு. ஜெர்மனியின் டியூசெல்டார்ஃபில் தத்யானா ஹில்டெபிராண்ட், மான்ஃபிரெட் கிரீசாபர் இருவரும் கடற்கரைச் சேற்றில் வளை தோண்டி வாழும் அரெனிகோலா என்ற புழுவை ஆராய்ந்தார்கள். அந்தச் சேற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு நிரம்பியிருக்கும், கறுப்புச் சேற்றைக் கிளறினால் நாற்றமடிக்குமே, அதே. அதில் இந்தப் புழு எப்படிச் சாகாமல் இருக்கிறது? அதன் மைட்டோகாண்ட்ரியாவிலும் எலியின் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவிலும் மேலே சொன்ன படிகள் வரிசையாக நடப்பதை 2008இல் காட்டினார்கள். அடுத்த வருடம் மிலான் குழு இந்த மரபணுவை நீக்கிய எலிகளைக் கொண்டு வட்டத்தை முடித்தது. எலிகள் சில வாரங்களே வாழ்ந்தன. அவற்றின் திசுக்களில் சல்ஃபைடு தேங்கியிருந்தது, தயோசல்ஃபேட் எகிறியிருந்தது, எத்தில்மலோனிக் அமிலமும் இருந்தது. 1991இல் தொடங்கிய தேடல் 2009இல் சரியான முகவரிக்கு வந்து சேர்ந்தது.

இனி தோலுக்கு வருவோம். இந்தக் குழந்தைகள் பிறக்கும்போது பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பார்கள். சில மாதங்களில் தலை நிற்பது, உட்காருவது எல்லாம் தாமதமாகும், கற்றதும் சில நேரம் மறந்துபோகும். முதலில் உடல் தொளதொளவென்று இருக்கும், பிறகு கைகால்கள் விறைக்கும், வலிப்பு வரும். ஸ்கேனில் மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் நரம்புச் செல் கொத்துகளில் (பேசல் கேங்லியா) பாதிப்பு தெரியும். இவையெல்லாம் பல மைட்டோகாண்ட்ரிய நோய்களிலும் உண்டு. இதற்கென்றே தனி அடையாளமாக மூன்று இருக்கின்றன. ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகத் தோன்றி மறைந்து திரும்பத் தோன்றும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்தால் கால்களும் கைகளும் நீலம் பாரிக்கும். நாள்பட்ட வயிற்றுப்போக்கு.

மூன்றுமே வாயுவின் பாதையில் இருக்கும் இடங்கள். குடலின் உட்சுவர் செல்கள் வாயுவை முதலில் சந்திப்பவை. அவற்றின் மேற்பரப்பில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் குறைந்திருப்பது எலிகளில் தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்து வாயு ரத்தத்தில் ஏறுகிறது, ரத்தக் குழாயின் உட்சுவர் அடுத்த பலி. நுண்குழாய்கள் சிதைந்து ரத்தம் கசிவதுதான் அந்தப் புள்ளிகள். ரத்தக் குழாயைத் தளர்த்தும் குணமும் இந்த வாயுவுக்கு இருப்பதால் கைகால்களில் ரத்தம் தேங்கி நீலமாகிறது. ரத்தம் உறைவதில் இந்தக் குழந்தைகளுக்குக் குறை இருக்காது, தட்டணுக்களும் சரியான எண்ணிக்கையில் இருக்கும். சிவப்புப் புள்ளியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் பரவியிருக்கிறதோ என்றுதான் மருத்துவர்கள் முதலில் பயப்படுவார்கள், பயப்படவும் வேண்டும். அது இல்லை என்று ஆன பிறகும் புள்ளிகள் வந்து வந்து போனால், வளர்ச்சியும் தாமதமானால், இந்த நோய் நினைவுக்கு வர வேண்டும்.

பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. எத்தில்மலோனிக் அமிலம் அதிகம் என்று அறிக்கை வந்தவுடன் இந்த நோய்தான் என்று முடிவு கட்டக் கூடாது. மேலே சொன்ன குட்டைச் சங்கிலி டீஹைட்ரஜனேஸின் மரபணுவிலேயே குறை இருந்தாலும் இந்த அமிலம் ஏறும். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். பெற்றோர் இணையத்தில் தேடிப் பயந்து நடுங்குவது பல நேரம் இந்தக் குழப்பத்தால்தான். பிரித்துக் காட்டுவது தயோசல்ஃபேட். நம் நோயில் அது ரத்தத்திலும் சிறுநீரிலும் வெகுவாக உயர்ந்திருக்கும், மற்றதில் உயராது.

இங்கே கூர்மையான வாசகர் கேட்பார்: தயோசல்ஃபேட் செய்யச் சல்ஃபைட் வேண்டும், சல்ஃபைட்டைச் செய்யும் நொதிதான் இல்லையே? நல்ல கேள்வி. சல்ஃபைட் சிஸ்டீனிலிருந்து வேறொரு வழியிலும் உருவாகிறது. அப்படி வந்ததையெல்லாம் தேங்கிக் கிடக்கும் கந்தகம் பிடித்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாகிறது. கடைசிப் படியான சல்ஃபைட் ஆக்சிடேஸ் இல்லாத நோயிலும் தயோசல்ஃபேட் ஏறும், ஆனால் அங்கே சல்ஃபைட்டும், அது சிஸ்டீனோடு சேர்ந்து உருவாகும் சல்ஃபோசிஸ்டீனும் சேர்ந்து ஏறும், எத்தில்மலோனிக் அமிலம் ஏறாது. அது பிறந்த சில நாட்களிலேயே கடும் வலிப்போடு வரும் வேறு நோய். ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்த மதகுகள், எந்த மதகு அடைபட்டது என்பதைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை வைத்துக் கண்டுபிடிப்பது மாதிரி. உறுதிப்படுத்துவது மரபணுப் பரிசோதனைதான்.

சிகிச்சை. இயங்குமுறை தெரிந்தது இங்கேதான் பயன்பட்டது. 2010இல் அதே மிலான் குழு இரண்டு பழைய மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒன்று மெட்ரோனிடசோல், வயிற்றுப்போக்குக்கு நம் ஊரில் பலரும் விழுங்கியிருக்கும் மாத்திரை. அது குடலில் வாயு உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் குறைக்கும். மற்றது அசெட்டைல்சிஸ்டீன், பாராசிட்டமால் அளவு மீறிப்போனால் மருத்துவமனையில் ஏற்றுவார்களே அது. அது செல்லுக்குள் குளூட்டதயோனைக் கூட்டி, வாயுவைப் பிடித்துவைக்க ஒரு தொட்டி தருகிறது. எலிகளின் ஆயுள் நீண்டது, சிகிச்சை பெற்ற குழந்தைகளிலும் முன்னேற்றம் இருந்தது. வயிற்றுப்போக்கும் தோல் புள்ளிகளும் நன்றாகக் குறைகின்றன. ஏற்கெனவே பாதிப்படைந்த மூளை அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. மெட்ரோனிடசோலை நீண்டகாலம் கொடுத்தால் நரம்புகளைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண்காணிப்பு அவசியம். மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலம் குறைந்த உணவையும் சிலர் சேர்க்கிறார்கள். கந்தகத்தை வாசலிலேயே குறைக்கும் யோசனை, ஆனால் வளரும் குழந்தைக்குப் புரதக் குறைவு வராமல் உணவியல் நிபுணர் கணக்கிட வேண்டிய வேலை. வீட்டில் முட்டையை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது கல்லீரல் மாற்று. மூளை நோய்க்குக் கல்லீரலா என்று தோன்றும். குடலிலிருந்து வரும் ரத்தம் ஏறக்குறைய முழுவதும் முதலில் கல்லீரல் வழியாகத்தான் போகிறது. அங்கே நல்ல நொதி உள்ள கல்லீரல் இருந்தால் வாயு மற்ற உறுப்புகளுக்குப் போகும் முன்பே வடிகட்டப்படும். எலிகளில் கல்லீரலுக்கு மட்டும் வைரஸ் ஊர்தி வழியாக மரபணுவைக் கொடுத்து 2012இல் பலன் கண்டார்கள். 2016இல் ரோம் நகரின் கார்லோ தியோனிசி-வீச்சி குழு ஒரு பெண் குழந்தைக்குக் கல்லீரல் மாற்றி, ரத்த அளவுகளும் வளர்ச்சியும் மேம்பட்டதை வெளியிட்டது. அதன் பிறகு வேறு சில குழந்தைகளுக்கும் செய்திருக்கிறார்கள். சீக்கிரம் செய்தால்தான் பலன் என்பது சொல்லாமலே விளங்கும்.

நோயின் தீவிரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. பெரும்பாலானோருக்குச் சிறுவயதிலேயே உயிரைப் பறிக்கும் நோய். மிதமான வடிவங்களும் உண்டு. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரிலேயே ஒருவருக்குக் கடுமையாகவும் மற்றவருக்கு லேசாகவும் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். மரபணு முழுவதும் ஒன்று, ஆனால் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லையே? இது என் ஊகம்தான், ஆனால் பொருந்தாத ஊகம் என்று தோன்றவில்லை.

கடைசியாக, பரம்பரை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லை, அவர்களுக்கே தெரியாது. இருவரும் அப்படியிருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. “முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது” என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு முறையும் சீட்டுக்கட்டு புதிதாகத்தான் கலைக்கப்படுகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளிலும் அரேபியத் தீபகற்பத்திலும் அதிகம் பதிவான நோய் இது. ஆனால் தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் உள்ள நம் குடும்பங்களுக்கும் இந்த வகைப் பரம்பரை அந்நியமானதல்ல. ஒரு குழந்தைக்கு நோய் உறுதியான குடும்பத்தில் பெற்றோரின் மரபணு மாற்றங்களை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கர்ப்பத்தில் பத்து, பதினொன்றாம் வாரம்போல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும்போது ஆய்வகம் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.